சொல் விசாரணை: ‘செனட்டோரியல்’

கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு கடிதம் இந்தச் சொல்லைக் கிளப்பிவிட்டது. இதே குடும்பத்துச் சொற்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பக்கத்திலிருந்தும் வந்திருந்த மற்றக் கேள்விகளையும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மொழிபெயர்ப்புத் தாளில் ‘செனட்டோரியல் டிக்னிட்டி’ என்று ஒரு தொடர் வந்தது. ‘செனட்டின் கண்ணியம்’ என்று எழுதினேன். மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அகராதியில் ‘செனட் சார்ந்த’ என்றுதானே இருக்கிறது? எங்கே தவறு?
(கல்லூரி மாணவி, கோத்தகிரி)

பதில்: அகராதி உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னது. இந்தப் பெயரடைக்கு இரண்டு கிளை உண்டு. முதல் கிளை உரிமையைச் சொல்வது: செனட் என்ற அவைக்கோ அதன் உறுப்பினரான செனட்டருக்கோ உரியது. இரண்டாவது தோரணையைச் சொல்வது: செனட்டர் ஒருவருக்குத் தகுந்தது, அவரைப் போன்றது.

இரண்டாவது கிளையில் பேசப்படும் ஆள் செனட்டராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. மேடையில் ஒருவர் மெல்ல எழுகிறார். கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்க்கிறார். சலசலப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவசரமே இல்லாமல் முதல் வார்த்தையைச் சொல்கிறார். அவர் ஊராட்சித் தலைவராகவே இருக்கட்டும், அந்த நடையை ஆங்கிலத்தில் ‘செனட்டோரியல்’ என்பார்கள். நரைத்த தலை, கனத்த குரல், நிதானம், கொஞ்சம் மிடுக்கு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தமிழில் ‘அவையில் மூத்தவருக்குரிய நிதானம்’ என்றோ ‘சபைக் கம்பீரம்’ என்றோ எழுதலாம். இந்த இடத்தில் ‘செனட்’ என்ற சொல்லே தமிழில் வரத் தேவையில்லை.

உங்கள் தாளில் வந்த தொடரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘டிக்னிட்டி’ என்பது எப்போதும் கண்ணியம் அல்ல. ரோமானிய வரலாற்றைப் பற்றிய பத்தியாக இருந்தால் அது பதவித் தகுதி, அந்தஸ்து. அங்கே ‘செனட்டர் அந்தஸ்து’ என்பதே சரி. ஒருவர் அந்த அந்தஸ்தைப் பெற்றார், இழந்தார் என்று பேசுவார்கள். ஒரு மனிதரின் நடையை வருணிக்கும் பத்தியாக இருந்தால் மேலே சொன்ன சபைக் கம்பீரம். ‘செனட்டின் கண்ணியம்’ என்பது மன்றத்தின் மானத்தைப் பற்றிய பேச்சில்தான் பொருந்தும்; ‘உறுப்பினரின் செயல் செனட்டின் கண்ணியத்தைக் குலைத்தது’ என்பது போல. அதற்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்தப் பெயரடையைப் போடமாட்டார்கள், ‘செனட்’ என்ற பெயரையே போடுவார்கள். ஆகவே முழுப் பத்தியையும் படித்த பிறகே இந்தத் தொடரைத் தொட வேண்டும்.

கேள்வி: இந்தச் சொல்லின் வேர் என்ன? ‘செனைல்’ என்பதற்கும் இதற்கும் உறவு உண்டு என்கிறார்களே?
(வாசகர், கூடலூர்)

பதில்: உண்டு, இரத்த உறவே. லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதிலிருந்து ‘செனாத்துஸ்’, முதியோர் அவை. அதன் உறுப்பினர் ‘செனாத்தோர்’. அதே வேரில்தான் ‘சீனியர்’ வந்தது, மூப்பால் தளர்ந்ததைச் சொல்லும் ‘செனைல்’ வந்தது. நாம் நாள் முழுக்கச் சொல்லும் ‘சார்’ கூட இந்த வேரின் பேரப்பிள்ளைதான். ‘சீனியர்’ பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘சயர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்’ ஆயிற்று.

கூடலூர்க்காரருக்கு இதை விளக்க ரோமாபுரி வரை போகவே வேண்டாம். உங்கள் பக்கத்துப் பணியர், இருளர் குடிகளில் ஊர்த் தலைவரை ‘மூப்பன்’ என்றுதான் சொல்கிறார்கள். மூப்பிலிருந்து மூப்பன், செனெக்ஸிலிருந்து செனட்டர். வயது பதவியாக மாறுவது எல்லா மொழியிலும் நடந்திருக்கிறது. கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரத்தின் ‘கெரூசியா’ என்பதும் முதியோர் அவையே: 60 வயது கடந்த 28 பேர், அவர்களோடு இரண்டு அரசர்கள்.

ஆனால் சொல்லின் வேர் வேறு, நடப்பு வேறு. ரோமானிய செனட்டில் எல்லாரும் கிழவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குடியரசின் பிற்காலத்தில் 30 வயதில் ‘குவெஸ்டர்’ என்ற கணக்குப் பதவிக்கு வந்தவர் செனட்டுக்குள் நுழைந்தார். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் அந்த வயதை 25 ஆக இறக்கினார். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், கி.பி. 921-ஆம் ஆண்டில், வாரியத்துக்கு வருகிறவர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும் என்று வெட்டியிருக்கிறது. வயதை எழுதிவைத்து அவை நடத்தியதில் நம்மவர்கள் கறாராக இருந்திருக்கிறார்கள் என்று பெருமையாகவே சொல்லலாம்.

கேள்வி: நான் செய்தி மொழிபெயர்ப்பு செய்கிறேன். ‘செனட்டோரியல்’ என்று வரும் இடமெல்லாம் போட ஒரே ஒரு தமிழ்ச் சொல் கொடுங்கள். ‘மேலவைசார்’ என்று போட்டுப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை.
(வாசகர், குன்னூர்)

பதில்: ஒட்டாது. ஒரே சொல் கேட்பதில்தான் சிக்கல். ஆங்கிலத்துக்குப் பெயரிலிருந்து பெயரடை செய்துகொள்ளும் பழக்கம் உண்டு. தமிழில் இரண்டு பெயரைப் பக்கத்தில் வைத்தாலே வேலை முடிந்துவிடும்: தேயிலைத் தோட்டம், மலை ரயில், செனட் தேர்தல். எனவே பெயரடையை விட்டுவிட்டு அதற்கு அடுத்து வரும் பெயரைப் பாருங்கள். அதுதான் தமிழை முடிவுசெய்யும்.

அடுத்து வருவது தேர்தல், போட்டி, பிரச்சாரம், வேட்பாளர் என்றால் ‘செனட்’ என்று மட்டும் முன்னால் வையுங்கள். பதவி, சலுகை, சம்பளம் என்றால் ‘செனட்டர்’ என்று வையுங்கள்: செனட்டர் பதவி, செனட்டர்களுக்குரிய சலுகை. நடை, தோற்றம், குரல் என்றால் முதல் பதிலில் சொன்ன வழி.

‘மேலவை’ என்று மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு மேலவை என்றால் 1986 நவம்பர் 1-ஆம் தேதி கலைக்கப்பட்ட சட்ட மேலவை நினைவுக்கு வரும், அல்லது தில்லியின் மாநிலங்களவை. இன்னொரு காரணம் இன்னும் வலுவானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1937 முதல் ஒரே அவைதான். அதில் 49 உறுப்பினர்கள். அவர்கள் பெயர் ‘செனட்டர்’. கீழவையே இல்லாத ஊரில் ஒருவரை ‘மேலவை உறுப்பினர்’ என்று எழுதினால் செய்தி பிழையாகிவிடும். ‘செனட்டர்’ என்றே விட்டால் எந்த நாட்டிலும் பிழை வராது.

இப்போது பத்திரிகை மேசையில் அடிக்கடி சறுக்கும் இரண்டு தொடர்கள்.

முதலாவது ‘செனட்டோரியல் டிஸ்ட்ரிக்ட்’. இதை ‘செனட் மாவட்டம்’ என்று எழுதுகிறார்கள். மாவட்டம் அல்ல, தொகுதி. அடுத்து, எந்த நாடு என்று பாருங்கள். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க செனட்டுக்குத் தொகுதியே கிடையாது. 50 மாநிலங்கள், மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100. ஒவ்வொருவருக்கும் முழு மாநிலமும் வாக்களிக்கும். ஆகவே அமெரிக்கச் செய்தியில் இந்தத் தொடர் வந்தால் அது மாநிலச் சட்டமன்றத்தின் செனட்டைப் பற்றியது என்று புரிந்துகொள்ள வேண்டும். ‘மாநில செனட் தொகுதி’ என்று எழுதினால் வாசகர் குழம்பமாட்டார். நைஜீரியாவில் கதை வேறு. அங்கே தேசிய செனட்டுக்கே தொகுதிகள் உண்டு: 36 மாநிலங்களுக்குத் தலா 3, தலைநகரப் பகுதிக்கு 1, ஆக 109. பிலிப்பைன்ஸில் 24 செனட்டர்கள், தொகுதியே இல்லாமல் நாடு முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். அங்கிருந்து வரும் ‘செனட்டோரியல் ஸ்லேட்’ என்பதைக் கட்சியின் ‘செனட் வேட்பாளர் பட்டியல்’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது ‘செனட்டோரியல் கர்ட்டசி’. ‘செனட் மரியாதை’, ‘செனட்டர்களின் உபசாரம்’ என்றெல்லாம் வந்து பார்த்திருக்கிறோம். இது கைகூப்பும் மரியாதை அல்ல, ஓர் அரசியல் மரபு. ஒரு மாநிலத்தில் வேலை செய்ய வேண்டிய பதவிக்குக் குடியரசுத் தலைவர் ஒருவரை நியமிக்கிறார். அந்த மாநிலத்தின் செனட்டர், குறிப்பாகத் தலைவரின் கட்சியைச் சேர்ந்தவர், ‘இவர் வேண்டாம்’ என்கிறார். மற்ற செனட்டர்களும் அவருக்காக அந்த நியமனத்தை நிராகரிக்கிறார்கள். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்ற கணக்கு. 1789-இல் சவானா துறைமுகத்தில் ‘நேவல் ஆபீசர்’ பதவிக்கு ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த பெஞ்சமின் ஃபிஷ்பர்னை, ஜார்ஜியா மாநில செனட்டர்கள் எதிர்த்ததால் செனட் தள்ளிவிட்டது. இந்த மரபுக்கு முதல் உதாரணமாக அதைத்தான் காட்டுவார்கள். அந்த ‘நேவல் ஆபீசர்’ கடற்படை அதிகாரி அல்ல, சுங்க அதிகாரி. அங்கும் ஒரு மொழிபெயர்ப்புப் பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

இதைத் தமிழில் முதல்முறை வரும்போது ‘சொந்த மாநில செனட்டரின் சம்மதத்தை மதிக்கும் செனட் மரபு’ என்று நீட்டி எழுதிவிட்டு, அடுத்த முறையிலிருந்து ‘இந்த மரபு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். நீளமாகிறதே என்று பயப்பட வேண்டாம். நீளமான ஒரு வரி புரியும், சுருக்கமான ‘செனட் மரியாதை’ புரியாது.

இதோடு கூடவே வரும் ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் ‘செனட்டோரியல்’ பக்கத்திலேயே ‘குபர்னடோரியல்’ என்று வரும். அது கவர்னர் என்பதன் பெயரடை. ‘குபர்னாத்தோர்’ என்றால் லத்தீனில் சுக்கான் பிடிப்பவர். ஆங்கிலம் பெயர்ச்சொல்லைப் பிரெஞ்சு வழியாகவும் பெயரடையை நேரே லத்தீனிலிருந்தும் எடுத்துக்கொண்டதால் இரண்டும் ஒட்டாதவை போலத் தெரிகின்றன. தமிழில் ‘ஆளுநர் தேர்தல்’, அவ்வளவுதான்.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதும்போது எப்போது ‘செனட்’ போடுவது, எப்போது ‘செனட்டோரியல்’ போடுவது? உச்சரிப்பும் சொல்லுங்கள்.
(ஆசிரியை, பண்ணைக்காடு)

பதில்: இந்தப் பெயரடை ‘செனட்டர்’ என்ற சொல்லின் மேல் கட்டப்பட்டது; ‘எடிட்டர்’ என்பதிலிருந்து ‘எடிட்டோரியல்’ வந்தது போல. அதனால் ஆளையும் பதவியையும் சுற்றியே அதிகம் புழங்குகிறது: வேட்பாளர், போட்டி, தொகுதி, நடை. மன்றத்தின் அன்றாட அலுவலுக்கு ‘செனட்’ என்ற பெயரே போதும்: செனட் குழு, செனட் மசோதா, செனட் விசாரணை, செனட் வாக்கெடுப்பு. ‘செனட்டோரியல் மசோதா’ என்று மாணவர் எழுதினால் திருத்திவிடுங்கள். இலக்கணம் இடிக்காது, ஆனால் வழக்கில் அப்படி யாரும் எழுதுவதில்லை.

உச்சரிப்பில் அழுத்தம் இடம் மாறும். ‘செனட்டர்’ என்னும்போது முதல் அசையான ‘செ’ ஓங்கும். ‘செனட்டோரியல்’ என்னும்போது ‘டோ’ ஓங்கும், முன்னால் உள்ள இரண்டும் இறங்கிவிடும். பெரிய எழுத்து விஷயம்: குறிப்பிட்ட ஒரு நாட்டின் செனட்டைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். பெயரடைக்கு, அது ஏதாவது குழுவின் பெயரில் ஒரு பகுதியாக இல்லாதவரை, சிறிய எழுத்தே.

கேள்வி: எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. தாத்தாவின் பழைய பெட்டியில் இருந்த ஒரு அச்சுத் துண்டில் ‘செனற்றர்’ என்று ஒரு பெரிய மனிதரின் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறது. இது அச்சுப் பிழையா? இலங்கையில் செனட் இருந்ததா?
(வாசகர், கூடலூர் தேயிலைத் தோட்டப் பகுதி)

பதில்: பிழை இல்லை. ஆங்கில ‘ட்’ ஒலிக்கு ‘ற்’ போடுவது இலங்கைத் தமிழ் எழுத்து வழக்கு. நாம் ‘செனட்டர்’ என்பதை அவர்கள் ‘செனற்றர்’ என்று எழுதினார்கள். அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தப் பட்டம் 24 ஆண்டுகள்தான் புழக்கத்தில் இருந்தது.

இலங்கை செனட் 1947-இல் தொடங்கியது. 30 பேர். அதில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது. மீதி 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமித்தார். பதவிக்காலம் 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள், நம் மாநிலங்களவை போலவே. அமைச்சர்களில் இரண்டு பேராவது செனட்டிலிருந்து வர வேண்டும், அவர்களில் ஒருவர் நீதி அமைச்சராக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே விதி இருந்தது. 1971 அக்டோபர் 2-ஆம் தேதி அந்த அவை ஒழிக்கப்பட்டது. தமிழர்களில் வழக்கறிஞர் எஸ். நடேசன், 1965-இல் உள்ளூராட்சி அமைச்சரான மு. திருச்செல்வம் ஆகியோர் செனட்டர்கள்.

உங்கள் குடும்பத்தோடு நேராகத் தொடர்புடைய ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. மலையகத் தமிழர்களில் இலட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம். நீலகிரியில் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகள் எழுந்ததும், அவர்களுக்கு வேலை கொடுக்க அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவானதும் அதன் விளைவுதான். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது சிறிமாவோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அல்லர். 1960 ஜூலையில் பிரதமரானவர், ஆகஸ்டில் செனட்டுக்கு நியமிக்கப்பட்டு, அந்த இடத்திலிருந்தபடியேதான் ஆட்சி நடத்தினார். அவரும் ஒரு ‘செனற்றர்’. உங்கள் தாத்தா கப்பல் ஏறியதற்கும் அந்தச் சொல்லுக்கும் அவ்வளவு நெருக்கம்.

இலங்கைத் தமிழில் இதற்கு ‘மூதவை’ என்ற சொல்லும் உண்டு. செனட்டின் வேர்ப்பொருளை அப்படியே ஏந்தி நிற்கும் அழகான சொல் அது. வரலாற்றுக் கட்டுரையில் தயங்காமல் எழுதலாம். முதல்முறை வரும்போது ‘மூதவை எனப்பட்ட செனட்’ என்று அறிமுகம் செய்துவிட்டால் போதும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘செனட்டோரியல் புரவின்ஸ்’ என்றால் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் மாகாணமா?
(மாணவர், கொடைக்கானல்)

பதில்: இல்லை. கி.மு. 27-இல் அகஸ்டஸ் ரோமானிய மாகாணங்களை இரண்டாகப் பிரித்தார். படைகள் அதிகம் நின்ற எல்லை மாகாணங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டு தன் பிரதிநிதிகளை அனுப்பினார்; சிரியா அப்படி. அமைதியான பழைய மாகாணங்களை செனட்டின் பொறுப்பில் விட்டார். சிசிலி, ஆசியா, ஆப்பிரிக்கா அப்படி. இவற்றுக்கு ‘புரோகான்சல்’ என்ற ஆளுநர் சீட்டு முறையில் தேர்வாகி, பொதுவாக ஓராண்டுக்குப் போவார். ஆகவே இது ‘செனட் பொறுப்பிலிருந்த மாகாணம்’. இவற்றை ‘ரோமானிய மக்களின் மாகாணங்கள்’ என்பதே சரி என்று இன்றைய வரலாற்றாசிரியர் பலர் சொல்கிறார்கள். வினாத்தாளில் பழைய பெயர்தான் வரும், இரண்டையும் தெரிந்துவைத்திருங்கள். எகிப்து இரண்டிலும் சேராமல் தனியாக நின்றது. அங்கே செனட்டர் ஒருவர் பேரரசரின் அனுமதியின்றிக் காலெடுத்து வைக்கவே கூடாது. தானியக் களஞ்சியம் இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை.

‘செனட்டோரியல் ஆர்டர்’ என்பதும் கேட்கப்படலாம். அது உத்தரவு அல்ல, ‘செனட்டர் வகுப்பு’. அகஸ்டஸ் காலத்தில் அதற்குச் சொத்துத் தகுதி 10 லட்சம் செஸ்டர்ஷியஸ் (ரோமானிய நாணயம்). உள்சட்டையில் அகலமான ஊதாப் பட்டை அவர்களின் அடையாளம்; அடுத்த படியிலிருந்த குதிரை வீரர் வகுப்புக்குக் குறுகிய பட்டை, 4 லட்சம்.

மலையிறங்கிக் கோவைப் பக்கம் போனால் வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அக்கால ரோமானிய வெண்கல, பித்தளை நாணயப் படங்களைப் பார்த்தால் பலவற்றில் ‘எஸ் சி’ என்ற இரண்டு எழுத்துகள் பெரிதாக நிற்கும்: ‘செனாத்துஸ் கோன்சுல்தோ’, செனட்டின் தீர்மானப்படி. வெள்ளலூர் வெள்ளியில் அதைத் தேட வேண்டாம்; பேரரசர் காலத்து வெள்ளி, தங்கத்தில் பொதுவாக அந்த எழுத்துகள் இரா.

கேள்வி: பல்கலைக்கழக செனட்டுக்கும் இந்தச் சொல் பொருந்துமா?
(மாணவர், உதகமண்டலம்)

பதில்: வேர் ஒன்றே, வழக்கு வேறு. நம் பல்கலைக்கழகங்களில் செனட்டில் இருப்பவரை யாரும் ‘செனட்டர்’ என்பதில்லை, ‘செனட் உறுப்பினர்’ என்கிறோம். செனட்டரே இல்லாத இடத்தில் ‘செனட்டோரியல்’ நிற்காது. ‘செனட் கூட்டம்’, ‘செனட் தேர்தல்’ என்றே எழுதுங்கள். தமிழில் செனட்டுக்கு ‘ஆட்சிப் பேரவை’, சிண்டிகேட்டுக்கு ‘ஆட்சிக்குழு’ என்று எழுதுகிறார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘செனட்க்கு’ என்று எழுதுவதா, ‘செனட்டுக்கு’ என்றா?
(வாசகி, தாண்டிக்குடி)

பதில்: ‘செனட்டுக்கு’. வேற்றுமை உருபு சேரும்போது டகரம் இரட்டிக்கும்: செனட்டை, செனட்டில், செனட்டின், செனட்டுக்கு. பின்னால் இன்னொரு பெயர் வந்தால் இரட்டிக்காது, இடையில் ஒற்றும் வேண்டாம்: செனட் தேர்தல், செனட் குழு. பன்மை ‘செனட்டுகள்’. ஆளைச் சொன்னால் ‘செனட்டர்’. அதில் ஏற்கெனவே ‘அர்’ இருக்கிறதே என்று பன்மைக்கும் அதையே எழுதிவிட வேண்டாம், ‘செனட்டர்கள்’ என்றே எழுதுங்கள்.